எங்கள் கவுண்டி சிவந்த வியாழக்கிழமை

வியாழக்கிழமை காலை என்றால் டெக்சஸில் என் மாமா வீட்டு டிவி எங்கள் வசம். கார்ட்டூனுக்காக அல்ல. அன்றைக்குத்தான் அந்த வாரத்து வறட்சி வரைபடம் வெளியாகும். மஞ்சள் என்றால் லேசான வறட்சி, ஆரஞ்சு என்றால் மோசம், சிவப்பு என்றால் ரொம்ப மோசம். மாமா லேப்டாப்பை டிவியில் மாட்டுவார். நானும் மாமா பையனும் சோபா மேல் ஏறி நின்று, எங்கள் கவுண்டி (மாவட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர்) சிவப்பாக வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துவோம்.

எங்களுக்குக் காரணம் இருந்தது. மாமா சாஃப்ட்வேர்காரர். சும்மா இருக்க முடியாமல் ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலம் வாங்கி வெள்ளாடு வளர்த்தார். கோடை விடுமுறைக்கு எங்கள் ஊரான எடிசனிலிருந்து நான் போயிருந்த வருடம் மழை ஏமாற்றிவிட, புல் முழுக்கக் கருகிவிட்டது. கவுண்டி சிவந்தால் மேய்ச்சல் போனதற்கு அரசாங்கம் நிவாரணம் தரும், தீவனம் வாங்கலாம். இல்லாவிட்டால் சனிக்கிழமை எல்லா ஆடும் சந்தைக்கு. நான் மினுக்கி என்று பெயர் வைத்திருந்த குட்டியும் சேர்த்துத்தான். ராத்திரி படுக்கும்போது சாமியிடம்கூடச் சிவப்புதான் கேட்டேன்.

முடிவு தெரியவேண்டிய வியாழனுக்கு முந்தைய சாயங்காலம், போயும் போயும் மழை வந்தது!

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வராந்தாவில் நின்று வானத்தைப் பார்த்து, "கோ அவே! ஸ்டுப்பிட் ரெயின்!" என்று கத்தினேன். மாமா பையனும் சேர்ந்துகொண்டான். மாமாவோ ஆபீஸ் மீட்டிங்கைப் பாதியில் விட்டு, ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்க, வெறுங்காலோடு மழைக்குள் ஓடினார். கையை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். அவர் ஆடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மாமா, மழை வந்தா ரெட் வராது! பணம் வராது!"

"வராட்டிப் போச்சாது போ அம்மிணி! மண்ணுல ஈரம் ஒரு விரக்கடை இறங்கட்டும், புல்லு தானா வந்துரும்!"

"ஹெட்ஃபோனக் கழட்டுங்க மொதல்ல!" என்று அத்தை உள்ளேயிருந்து கத்தினார். கழற்றுவதற்குள் மழையே நின்றுவிட்டது.

மறுநாள் காலை வரைபடம் திறந்தது. சிவப்பு! எங்கள் கவுண்டி முழுக்கச் சிவப்பு! சோபாவிலிருந்து குதித்தோம், மறுபடி ஏறிக் குதித்தோம். மாமா பையன் டிரக்கில் ஏறி ஹாரனை விடாமல் அடித்தான். அத்தை கேசரி கிளற ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் மினுக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து டிவியைக் காட்டினேன். அது ரிமோட்டைக் கடித்தது. மாமா எங்களுக்கு ஹைஃபைவ் கொடுத்தார். "ஆடு எங்கயும் போகாது, போதுமா?" என்றார். பிறகு காபியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார்.

கேசரி கொடுக்க நான் தேடிக்கொண்டு போனபோது, நிலத்தின் நடுவில் குந்தியிருந்தார். விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். தள்ளி உட்கார்ந்து அங்கேயும் கிளறினார். எங்கே கிளறினாலும் புழுதிதான் வந்தது. இவ்வளவு சந்தோஷமான நாளில் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

"என்ன மாமா தொலைச்சுட்டீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மிணி."

கார் சாவியாகத்தான் இருக்கும் என்று, கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நானும் குனிந்து தேட ஆரம்பித்தேன்.