என் மகனின் மஞ்சள் அறை

சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கொச்சி மட்டாஞ்சேரியில், பஜார் சாலையிலிருந்து காயல் பக்கம் இறங்கும் சந்தில் ஒரு பழைய சுக்குக் குடோன். இப்போது அதில் சரக்கு வைப்பதில்லை. கண்காட்சிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அன்று அங்கே ஓவியக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சி தொடங்கியது. அதில் ஓர் அறை என் மகனுடையது.

அதற்கு முன் எங்கள் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் மேட்சிங் துணிக்கடை நடத்துகிறார். புடவையைக் கொண்டுபோனால் அதே நிறத்தில் ஜாக்கெட் பிட், லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுக்கும் கடை. எர்ணாகுளத்துப் பெரிய கடைகளில் கிடைக்காத நிறத்தைத் தேடி, கலூரிலிருந்தும் வைட்டிலாவிலிருந்தும் பஸ் பிடித்து அவரிடம் வருகிறார்கள். நிறம் விஷயத்தில் அவர் சொல்வதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அப்படிப்பட்டவரின் மகனுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிளஸ் டூ முடித்து, கப்பல் வேலைக்கான படிப்பில் சேர மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதுதான் அது தெரிந்தது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்களைக் காட்டினார்கள். அவனுக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. இது பிறவியிலேயே இருப்பது, சிகிச்சை கிடையாது, பயப்படவும் வேண்டாம், பெரும்பாலும் தாய் வழியாக வருவது என்று கண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். என் கணவரின் அக்காவுக்கு அதில் கடைசி விஷயம் மட்டும்தான் காதில் விழுந்தது.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் கழுகுக் கண்ணு. இது எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தானே தெரியுது" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

மகன் கடையில் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "அவனுக்கு வியாபாரத்துல இஷ்டமில்லை" என்று சொல்லிவைத்தோம். அது முழுப் பொய் இல்லை. அதனால் சொல்வதற்கும் சுலபமாக இருந்தது. அவன் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தபோதும் யாரும் எதையும் சந்தேகப்படவில்லை.

கண்காட்சிக்குச் சில நாள் முன்பு, கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிகளைக் கேட்டான். எதற்கு என்று கேட்காமல் என் கணவரும் ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். பிறகு ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அறை வாசலில் வைக்கப்போகும் போர்டைப் போனில் காட்டினான். தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. தலைப்பு 'பாதி'. அதன் கீழே: "எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. என் அத்தா மட்டாஞ்சேரியில் மேட்சிங் துணிக்கடை வைத்திருக்கிறார்."

அன்று நாத்தனாரும் வீட்டில் இருந்தார். "அல்லாவே! இவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கோம். குடும்பத்துக் குறையை ஊரறிய எழுதி வைப்பானா ஒருத்தன்?" என்று ஆரம்பித்தார். இவர் தட்டைப் பார்த்தபடியே, "முதல் வரியை எடுத்துருடா" என்றார்.

"அதை எடுத்தா பாக்கி எல்லாம் பொய்யாயிரும் அத்தா."

இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். "அப்ப நான் வரலை" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மகன் வரியை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, "அத்தா வருவாராம்மா?" என்று தினமும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான். 

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் போனோம். என்ன கூத்து நடக்கிறதென்று பார்க்க நாத்தனாரும் கூடவே வந்தார்.

ஜன்னலே இல்லாத அறை. பழைய தெருவிளக்குகள் தருமே, அந்த அழுத்தமான மஞ்சள் வெளிச்சம். நடுவில் ஒரு புடவை தொங்கியது. பக்கத்து மேசையில் எங்கள் கடை வெட்டுத் துணிகள் குவிந்திருந்தன. புடவைக்கு மேட்ச் ஆகும் பிட்டை எடுத்து, பெயர் எழுதிய சீட்டோடு அதைப் பின்கதவு வழியாக வெளியே கொண்டுபோய் அங்கே முற்றத்துக் கொடியில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். அவ்வளவுதான்.

நாத்தனார் உடனே ஒன்றை எடுத்துவிட்டார். "இதுல என்ன இருக்கு? சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்." முற்றத்துக்குப் போனோம். கொடியில் அதே புடவையின் ஒரு துண்டு வெயிலில் தொங்கியது. அது பாட்டில் பச்சை. நாத்தனார் கையில் இருந்தது நல்ல மெரூன்!

"ஐயே! இது லைட்டோட குத்தம். என் கண்ணு குத்தமில்ல" என்று அவர் கத்தியதில் முற்றமே சிரித்தது. நான் எடுத்தது காப்பிப்பொடி நிறம். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் மாட்டிய நீலம், கருஞ்சிவப்பு, சாம்பல் எல்லாம் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. அத்தனை பேரும் 'இதுதான்' என்று நம்பி எடுத்தவை.

"சரிடா, உன் கண்ணுக்கு இந்தச் சேலை என்ன கலர்?" என்று நாத்தனார் மகனைக் கேட்டார்.

"தெரியாது மாமி. ஒரு சேலைக் கடையில கேட்டு வாங்கினேன். பச்சைன்னு சொன்னாங்க."

நாங்கள் முன்வாசலுக்குத் திரும்பியபோதுதான் இவர் வந்தார். நேராகப் போர்டுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு மொழியிலும் கடைசிவரை படித்தார். அவரை அண்ணன் முறையில் 'இக்கா' என்று கூப்பிடும் பழக்கமுள்ளவர்கள், 'இக்கா வந்துட்டார், இனி சரியான பிட் கிடைத்துவிடும்' என்று பின்னாலேயே அறைக்குள் நுழைந்தார்கள். மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். நான் உள்ளே போனேன்.

இவர் துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றை எடுத்துப் புடவையோடு வைத்தார், எடுத்தார், வேறொன்றை வைத்தார். பிறகு புடவையின் முந்தானையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தார். கடையில் அவர் டியூப் லைட்டை நம்பி ஒருநாளும் துணி வெட்டியதில்லை. மழையானாலும் வாடிக்கையாளரைத் தெருவுக்குக் கூட்டிப்போய், பகல் வெளிச்சத்தில் காட்டிய பிறகுதான் கத்திரியை எடுப்பார்.

கதவருகே நின்ற மாணவி தடுத்தாள். "சாரி புறத்து கொண்டுபோகான் பற்றில்ல இக்கா." புடவையை வெளியே எடுக்கக் கூடாதாம்.

இவர் முந்தானையை விட்டார். கையில் இருந்த பிட்டைத் திரும்பக் குவியலில் போட்டார். சீட்டில் ஏதோ எழுதி, வெறும் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து கொடியில் மாட்டினார். அதில் தன் பெயரை எழுதவில்லை. எங்கள் கடையின் பெயரை எழுதி, கீழே "தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

இத்தனை வருடத்தில் அந்தக் கடைப் பெயருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வார்த்தை வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவிலேயே கடை வைத்திருக்கும் ஒருவர் சிரித்தார். "என்ன பாய், நீங்களே தெரியாதுன்னா நாங்கல்லாம் எங்க போறது?"

"இந்த ரூமுக்குள்ள எனக்குத் தெரியலை. என் மகனுக்கு எங்கயுமே சிவப்பு, பச்சை தெரியாது. நான் இதுவரைக்கும் உங்ககிட்ட அதைச் சொன்னதில்லை. அவன் எழுதியே வச்சுட்டான்" என்றார் இவர். நல்ல உரத்த குரலில்தான் சொன்னார்.

நாத்தனார் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "டேய், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்தா..."

"விழட்டும்க்கா. பொண்ணு பாக்க வர்றவங்க முதல்ல இங்க வந்து இந்த போர்டைப் படிச்சுட்டு, அப்புறம் வீட்டுக்கு வரட்டும்."

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகன் கொடிக்குப் பக்கத்தில் வந்தான். காற்றில் திரும்பிக்கொண்ட அந்தச் சீட்டை எழுத்து தெரியும்படி நேராக்கி, இன்னொரு கிளிப் போட்டான். பிறகு, "சாயா குடிக்கலாமா அத்தா?" என்று கேட்டான். இருவரும் சந்து முனைக் கடைக்கு நடந்து போனார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று நான் யாரை நினைத்து அதிகம் பெருமைப்பட்டேன் என்று கேட்டால் இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது யாராவது உங்கள் மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், முதலில் அவன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் அவன் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். எதையும் ஒளித்துவைக்காமல் பெருமைப்படுவது மனதுக்கு எவ்வளவு லேசாக இருக்கிறது என்பதை அந்த முற்றத்தில்தான் தெரிந்துகொண்டேன்.