படத்தில் வராத குசினி

“…பூட்டக்கூடிய கதவோட ஒரு அறையும், மீன் பொரிக்க ஒரு அடுப்பும் கிடைச்சாப் போதும் அண்ணா. மற்றதெல்லாம் அவர் வந்தபிறகு பாத்துக்கொள்ளலாம்” என்று மெற்றில்டா சொல்லி முடிக்கவும் ரெயில் கோட்டை நிலையத்தில் நிற்கவும் சரியாக இருந்தது. டிசெம்பர் முதல் கிழமை, வியாழக்கிழமை, காலை ஏழரை மணி. வவுனியாவிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் வந்திருந்தோம். வழியெல்லாம் அவள் அந்த அறையைப் பற்றியேதான் கதைத்தாள்.

மெற்றில்டா என் தங்கை. மன்னாரிலிருந்து ஓடிவந்து வவுனியாவில் ஒரு பள்ளிக்கூட அகதி முகாமில் இருந்தபோதுதான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. நாலாம் மாதம் மச்சான் குவைத்துக்குப் போய்விட்டார். அந்த நாலு மாதமும் ஒரு வகுப்பறையில் மூன்று குடும்பம், நடுவில் சேலைத் திரை. இப்போது நாலு வருடம் கழித்து, நத்தார்ப் பண்டிகைக்கு இருபத்தொரு நாள் லீவில் வருகிறார். வவுனியாவுக்கு இராணுவப் பாஸ் எடுத்து அவர் வந்துசேர்வதற்குள் பாதி லீவு போய்விடும். ஆகவே கொழும்பில் ஒரு மாதத்துக்கு வீடு வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு வெள்ளவத்தை. காலி வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடைதான் புரோக்கர் சிவத்தாரின் கந்தோர். மனுசன் வானிலை அறிக்கை மாதிரி வாடகை நிலவரம் சொல்லுவார்.

“தம்பி, பிளேன் இறங்க இறங்க வாடகை ஏறும். இப்ப கனடா, லண்டன் எல்லாம் வந்து இறங்குது. தைப்பொங்கல் கழிய, வீட்டோட ஒட்டின ஒரு அனெக்ஸை ஆறாயிரத்துக்கு நானே தாறன். இப்ப பன்னிரண்டு. மாசியில நல்லா விழும். ஆடிவேல் திருவிழாவோட திரும்ப ஏறும்.”

“எங்களுக்கு நத்தாருக்கு வேணும் ஐயா” என்றேன்.

“மழைக்குள்ள நிண்டுகொண்டு குடை விலை கேக்கிறீர்” என்றார். நான் இதைக் கொப்பியில் எழுதிவைத்துக்கொண்டேன். ஊருக்கு ஊர் ஆட்கள் கதைக்கிற கதையைச் சேர்ப்பதுதான் என் படிப்பு.

கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஓர் அனெக்ஸ் காட்டினார். கடல்காற்று, தனிவாசல், ஜன்னலடியில் ரெயில் பாதை. மெற்றில்டாவின் முகம் மலர்ந்தது. அறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், திறந்தாள், திரும்பவும் போட்டாள். வீட்டுக்கார ஐயா வாசலில் நின்றபடி, “மச்சம் மட்டும் சமைக்கக் கூடாது பிள்ளை. மீன், இறைச்சி, முட்டை ஒண்டும் ஆகாது” என்றார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: “மன்னார் ஆம்பிளை நாலு வருசத்தால வந்து பூசணிக்காயே தின்னுறது?”

சிவத்தார் சிரித்துவிட்டார். “அப்ப கொட்டாஞ்சேனைக்குப் போங்கோ. அங்க உங்களை மாதிரி வேதக்காரர் கனபேர். அந்தப் படவீடு கூடப் பாதி சும்மாதான் கிடக்காம்.”

படவீடு என்றால் எங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு நத்தாருக்கும் தொலைக்காட்சியில் போடுகிற ஒரு சிங்களப் படம் எடுத்த வீடு. கப்பலில் வேலைசெய்யும் மகன் நத்தாருக்கு முதல்நாள் பெட்டியோடு வந்து வாசலில் நிற்பான், தாய் படிகளில் ஓடி இறங்குவாள். முகாமில் ஜெனரேற்றர் வைத்துப் போட்டார்கள். பாஷை தெரியாமலே எல்லோரும் அழுதார்கள்.

பதினொன்றரை. புறக்கோட்டை பஸ். கொள்ளுப்பிட்டியில் சோதனைச் சாவடி. எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கி வரிசையில் நின்று மறுபடி ஏறினோம். சிங்களக் கொண்டக்டர் பொடியன் தன் தமிழில், “இறங்கு, ஏறு, டிக்கெட் ஒண்டுதான்!” என்று கத்த, இறுகியிருந்த முகங்கள் கொஞ்சம் தளர்ந்தன. புறக்கோட்டையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் நடை. மூட்டை சுமக்கிறவர்களுக்கு வழிவிட்டு, தேவாலயத்தின் பெரிய கோபுரத்தைக் குறியாக வைத்துப் போனோம்.

ஒன்றேகாலுக்கு அந்த வாசலில் நின்றோம். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன வீடு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கதவைத் திறந்தார். பெயர் பிலோமினா.

“வீடு பாக்க வந்தனாங்கள் அன்ரி.”

“வாங்க வாங்க, நேத்தும் ரெண்டு குடும்பம் வந்திச்சு” என்று உள்ளே கூட்டிப்போனார். “இங்கதான் கிறிஸ்மஸ் மரம் வெச்சாங்க. சோபா அவங்க கொண்டு வந்தது, கொண்டு போயிட்டாங்க. இந்த வாசலாலதான் மகன் வருவான். இந்தப் படியிலதான் அம்மா ஓடி வருவாங்க. மேல போக முடியாது, கடைக்காரங்க துணி அடுக்கியிருக்காங்க.”

எல்லா வீட்டுக்காரர்களையும் போல இவரும் நல்லதை முதலில் காட்டுகிறார் என்றே நான் நினைத்தேன். மெற்றில்டாவுக்குப் பொறுக்கவில்லை.

“குசினி எங்க அன்ரி?”

“அது படத்துல வராதே புள்ள! குசினியை வேற எங்கயோ எடுத்தாங்க.”

“இல்லை, நான் சமைக்கிறதுக்குக் கேட்டனான்.”

பிலோமினா அன்ரி வாயில் கையை வைத்தார். “ஐயோ, வீடு பாக்க வந்தோம்னு சொன்னீங்களே!”

“ஓம், அதுக்குத்தான் வந்தனாங்கள்.”

மூன்று பேரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியவர் அன்ரி. “யாருக்கு?” என்றார். மெற்றில்டா சேலைத் திரையையும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அன்ரி அந்தப் படிகளில் உட்கார்ந்து கேட்டார்.

“வவுனியாவிலேருந்து வந்தவங்கன்னா ராத்திரியில பொலிஸ்காரங்க வந்து கதவைத் தட்டுவாங்க புள்ள. நான் தனி ஆள். பயம்.”

மெற்றில்டா பையைத் தூக்கித் தோளில் போட்டாள். வாசல்வரை போய்விட்டோம்.

“என்ன மீன் பொரிப்பே?” பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாரை, அன்ரி.”

“சரி, வா.”

வாடகைக்குக் கிடைத்தது முன்வீடு இல்லை. சுவரில் கரி படிந்த பின்பக்கக் குசினியும், அதையொட்டி ஓர் அறையும். பின் ஒழுங்கையால் போய்வர வேண்டும். மாதம் ஐயாயிரம். மெற்றில்டா முதலில் கதவைத்தான் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் இருந்தது.

மாலை நாலு மணி. மெற்றில்டா இன்றைக்கே இங்கே தங்குகிறாள், நான் ரெயிலுக்குப் புறப்பட வேண்டும். எங்கள் மன்னார் வீட்டில் ஆறு கதவுகள் இருந்தன. எந்தக் கதவு எப்போது பூட்டப்பட்டது என்று எனக்கு ஞாபகமே இல்லை. அங்கே யாரும் பூட்டவில்லை போலும்.

அன்ரி மேசை லாச்சியிலிருந்து பொலிசில் கொடுக்கும் பதிவுத் தாளை எடுத்து வந்தார். தமிழில் ஒரு எழுத்தும் இல்லை. கோடுகளை விரலால் காட்டினார்.

“இன்னிக்கு வீட்டுல இருக்கிற ஆள் பேரை மட்டும் எழுது. வராத ஆளை எழுதினா எங்கேன்னு கேப்பாங்க. அவர் வந்ததும் நாம போய்ச் சேர்த்துக்கலாம்.”

மெற்றில்டா தலையாட்டினாள். முதல் கோட்டில் தன் பெயரை எழுதினாள். அடுத்த கோட்டை வெறுமையாக விட்டு, அதற்குக் கீழே கையெழுத்து வைத்தாள்.