மாமியின் தையல் கடையும் மினுங்கிய பியர் அட்டைகளும்

ஹனோவர் வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல்: என் விளம்பரத் திறமையால் மாமியின் தையல் கடைக்கு இன்று ஒரு ஜேர்மன் பெண்மணி தானாகவே நடந்து வந்தார்.

கடை திறந்து ஒரு மாதம். ஆட்கள் வராததால் மாமி தன் சட்டைகளையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல், பியர் கிளாசுக்குக் கீழே வைக்கும் வட்ட அட்டைகளில் விளம்பரம் அச்சடித்துப் பக்கத்துத் தெரு பப்பில் கொடுத்தேன்.

வாசகமும் என்னுடையதுதான்: "இன்னுமொரு பியரா? பட்டன் தெறித்தால் எங்களிடம் வாருங்கள்!"

"வயித்தைப் பாத்துப் பகிடி விட்டால் ஆரடா வருவினம்?" என்றார் மாமி.

"பொறுங்கோ மாமி, வரிசையில நிப்பினம்."

இன்று வந்தவர் அந்தப் பப்பில் பரிமாறுகிறவர். மாமி அளவு நாடாவோடு துள்ளி எழும்பினார். வந்தவரோ நான் கொடுத்த அட்டைகளைப் பெட்டியோடு மேசையில் வைத்தார்.

"குடிக்கிற ஒவ்வொரு கிளாசுக்கும் அட்டையில்தான் பென்சிலால் கோடு போடுவோம். இந்த மினுமினுப்பில் கோடும் விழவில்லை, சிந்திய பியரையும் இது உறிஞ்சவில்லை."

மாமி என் பக்கம் திரும்பினார். "உன்னை ஆர் இப்பிடி மினுக்கச் சொன்னது?"

"கலியாணக் காட் மாதிரி இருக்கட்டும் எண்டு..."

அதற்குள் வந்தவரின் ஏப்ரன் நாடா அறுந்திருப்பதைக் கண்டு, மாமி நின்ற நிலையிலேயே தைத்துவிட்டார். இனித் தன்னோடு பப்பில் வேலை செய்கிற எல்லாரையும் அந்தப் பெண்மணி அனுப்புவாராம்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். அவரை வரவைத்தது என் விளம்பரம் இல்லை, அதைத் திருப்பித் தந்துவிடும் அவசரம்.

பெட்டி நிறைய அட்டை இருக்கிறது. தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்க யாருக்காவது வேண்டுமா? சிந்தினால் நான் பொறுப்பில்லை.