நான்காவதாக நின்ற அத்தை

போட்டோவில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான், எதிர்வீட்டு அத்தை. இல்லாதவள் அக்கா, கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் போய்விட்டாள்.

நாங்கள் பிழைக்க வந்த வடநாட்டு ஜங்புராவில் நான் படித்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அந்த வாரம் குடும்பச் சாயல் பற்றிய சொல்வழக்குகள். ஆளுக்கொரு குடும்பப் படத்தை அச்சுப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். யார் யாரைப் போலிருக்கிறார்கள் என்று மற்றவர்கள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்ததைச் சாப்பாட்டு நேரத்தில் ஒப்பிப்பது வழக்கம். ஒருவரை உரித்து வைத்ததுபோல் இருந்தால் 'ஸ்பிட்டிங் இமேஜ்', துப்பிவைத்த உருவம் என்றேன். நாம் உரிக்கிறோம், அவர்கள் ஏன் துப்புகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு அதில் குழப்பமே இல்லை. "திருஷ்டிக்குத்தான். நாம மட்டும் துப்பலியா?"

அப்பனைப் போலப் பிள்ளை என்றால் 'சிப் ஆஃப் தி ஓல்ட் பிளாக்', பழைய கட்டையிலிருந்து தெறித்த சில்லு. அப்பா மார்பிள் அறுக்கிறவர். "சில்லு கண்ணுல உழுந்தா அப்பத் தெரியும் ஒங்க டீச்சருக்கு" என்றார். கை கழுவிவிட்டு வந்து, மெதுவாகக் கேட்டார்: "நீ என்னாட்டம் இருக்கேன்னு சொல்லுவாங்களா?"

"போட்டோவப் பாத்து சொல்லுவாங்கப்பா."

ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டையில் ஸ்டூடியோவுக்கு வந்தார். வாசலிலேயே அம்மா நின்றுவிட்டாள். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது. அந்த வழியாகக் காய்கறிப் பையுடன் போன அத்தையைப் பிடித்தாள்.

"அண்ணி, செத்த வந்து நில்லுங்க."

"பொடவகூட மாத்தலியே."

"நிக்கத்தான சொன்னேன்." போட்டோக்காரர் பக்கம் திரும்பினாள். "பையா, ஜல்தி எடு."

வகுப்பில் பாட்னாக்காரப் பையன் ஒருவன் முதலில் எழுந்தான். என்னை என் அம்மாவின் ஸ்பிட்டிங் இமேஜ் என்றான். அவன் விரல் இருந்தது அத்தை மேல். அதே கண், அதே பல் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சாயலே இல்லாத அப்பாவை, ஊரிலிருந்து வந்த மாமாவாக்கிவிட்டார்கள். மூன்று பேர் சங்கதியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் பொய் சொல்ல வரவில்லை. கேட்டு அம்மா சிரித்தாள். எதிர்வாசலிலிருந்து அத்தை, "ஏன், என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ரெண்டு பேரு நிக்கலாமில்ல?"

"நிக்கலாம்" என்றாள் அம்மா.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், காது தெரியும்படி இருவரையும் கொஞ்சம் திருப்பி வைத்து எடுக்கச் சொன்னார். வகுப்பில் இந்தப் படத்தையும் ஒட்டினேன். இவர்தான் என் அப்பா என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். காது, நெற்றிச் சுருக்கம், நிற்கும்போது ஒரு தோள் இறங்கியிருப்பது. பிறகு அந்தச் சில்லைச் சொன்னார்.

வீட்டில் அதை அப்படியே சொன்னேன். அப்பா, "இன்னொருவாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு போட்டோவுக்கும் இருநூற்று இருபது, அப்பாவின் ஒருநாள் கூலி எண்ணூறு. ஆக மொத்தம் ஆயிரத்து இருபது ரூபாய்.