அப்பாவுக்கு நான் வைத்த சேனை

ஜப்பான்காரன் போருக்குப் பிறகு ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எழுதுவதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு சரித்திர ஆசிரியை வந்திருந்தார். இந்த மலாய் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவரை ஒரு வருடத்துக்கு விருந்தாளி ஆய்வாளராக வைத்து, தங்க இடமும் செலவுக்குப் படியும் கொடுத்திருக்கிறதாம். பாலிங் பக்கம் சில வீடுகளை முடித்துக்கொண்டு, குருண் ஊரில் நான் இருக்கும் என் மகன் வீட்டுக்கு வந்தார். தமிழ்க்காரர்தான். பேச்சைப் பதிவு செய்யும் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, "சயாம் ரயில் பாதையைப் பத்தி உங்கப்பா என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன். கருவி ஓடிக்கொண்டே இருந்தது.

"எங்க அத்தைகிட்டருந்து வார்த்தையைப் புடுங்கணும்னா ஒரு வருசம் பத்தாதுலா" என்றாள் மருமகள்.

ஆசிரியை சிரித்துக்கொண்டே கருவியை அணைத்துவிட்டுத் தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் போனதற்கு நானே காரணம் என்று இத்தனை வயதுவரை மனசுக்குள் வைத்திருந்தேன். அதனாலேயே எங்கள் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் நான் சேனை வைத்ததில்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைப்போமே, அதுதான் சேனை. வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு ஏழு வயது. அப்பா பெரிய வாயாடி; நானோ வாயைத் திறக்காத பிள்ளை. ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் அவர் பேசினால், வேலை வாங்கும் தண்டலே வேலையை மறந்து கேட்டுக்கொண்டு நிற்பார். ரயில் பாதை போட அவரையும் லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வருடம் கழித்து அங்கிருந்து தப்பி வந்த ஆள் ஒருவர், அப்பாவை வாந்திபேதிக் கொட்டகையில் கிடத்தியதைப் பார்த்ததாகச் சொன்னார். அந்தக் கொட்டகையிலிருந்து யாரும் எழுந்து வந்ததில்லையாம்.

தோட்டத்துக் கோயில் பண்டாரம், உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்யலாம் என்றார். தர்ப்பைக்கு எங்கே போவது? நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் லாலான் புல் ஆள் உயரத்துக்கு நின்றது. அதை அறுத்துக் கட்டி, அப்பாவின் பழைய சட்டையைப் போட்டு, ஆற்றோரம் எரித்தார்கள். அம்மா தாலியைக் கழற்றிப் பாலில் போட்டாள்.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு, ஒருநாள் மத்தியானம் அப்பா லயத்தின் கோடியில் வந்து நின்றார். இடுப்பில் சாக்கு. உடம்பில் எலும்புதான் தெரிந்தது. பிள்ளைகள் ஆவி, ஆவி என்று ஓடினார்கள். பெரியவர்களும் கிட்டே போகவில்லை.

அம்மா மட்டும் நேரே போய் நின்று பார்த்தாள். "ஆவிக்குக் கால் கிடையாதும்பீங்களே. இந்தாளுக்குக் காலுதான் பெரிசா வீங்கியிருக்கு, புண்ணோட" என்றாள்.

பண்டாரம் வாசலை மறித்துக்கொண்டார். "காரியம் செஞ்சாச்சு. செத்தவனை அப்படியே வீட்டுக்குள்ள விடக்கூடாது தாயி. மறுபடி பொறக்கணும், பேர் வைக்கணும், அப்புறம் ஒனக்குத் தாலி கட்டணும்."

"அதுவரைக்கும் எங்க கெடக்கிறது?"

"கோயில்லதான்."

"நீங்க கொளுத்தினது லாலான் புல்லை. அந்தப் புல்லைப் போயி மறுபடி பொறக்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா. ஆனாலும் சடங்கை வேண்டாமென்று சொல்லவில்லை. தாலி வேண்டுமே.

மறுநாள் காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல முறத்தில் உட்காரவைத்தார்கள். முறம் கொள்ளவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். சேனைக்குச் சர்க்கரை கிடையாது. பக்கத்து மலாய்க்காரர் கிராமத்தில், கம்பத்தில், கொஞ்சம் தென்னை வெல்லம் கொடுத்தார்கள். யார் வைப்பது என்று பேச்சு வந்தபோது அப்பா என்னைக் காட்டினார்.

"இந்த ஊமைக்கோட்டானா?" என்றார் பண்டாரம்.

"அவளே வெக்கட்டும். இனிமே கொஞ்சம் வாயடங்கிக் கெடக்கிறேன்" என்றார் அப்பா.

விரலில் வெல்லத் தண்ணீரைத் தொட்டு அவர் நாக்கில் வைத்தேன். நாக்கு வெடித்திருந்தது. பழைய பேரையே மறுபடி வைத்த பிறகு, மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை அப்பா, அம்மா கழுத்தில் கட்டினார். என் அப்பா அம்மா கல்யாணத்தை நான் கூட இருந்து பார்த்தேன். அவித்த மரவள்ளிக் கிழங்குதான் விருந்து. அப்பா வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார்.

வந்தவர் பேசவேயில்லை. சயாமைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "மக வெச்ச சேனை, பிடிச்சுக்கிச்சு" என்று லயத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு பால்மரம் வெட்டப் போகும் வயதில் அவருக்குப் பக்கத்து மர நிரையில்தான் எனக்கும் வேலை. தன் மரங்களை முடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் நிரையில் கடைசி மரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வருவார். நடுவில் சந்திப்போம். அது நல்ல காலம்தான். ஆனாலும் பழைய அப்பாவின் வாயைக் கட்டிப்போட்டது நான் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

இதையெல்லாம் கேட்ட ஆசிரியை கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "நான் இதுவரைக்கும் போன வீட்டுலயெல்லாம் இதே கதைதாம்மா. திரும்பி வந்தவங்க வாயே திறக்கலையாம். பொண்டாட்டிகிட்டகூட சொல்லலையாம்" என்றார்.

"எல்லா வீட்டுலயுமா?"

"ஆமா. அவங்களுக்கெல்லாம் யாரும்மா சேனை வெச்சது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனசு லேசானது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்பதை மறைப்பானேன்? அப்பாவிடம் என் குணம் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஆசிரியை போனதும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே மருமகளிடம் சொன்னேன், அடுத்த மாதம் பேத்திக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு நான்தான் சேனை வைப்பேன் என்று.

"பிள்ளை பேசாமப் போச்சுன்னா?" என்றாள்.

"நீ ஒருத்தி பேசுறது போதும்லா" என்றேன்.