அவர் என் முட்டியைத் தட்டியபோது

அன்று விடியற்காலை என் வீட்டுக்காரர் பண்ணின ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. புரியாததால்தான் சந்தோஷப்பட்டேன். ஆவியானவர் அவரை நிரப்பி அந்நிய பாஷையில் பேச வைக்கிறார் என்று நினைத்தேன். அடுப்படியிலிருந்தே "ஸ்தோத்திரம்" சொன்னேன்.

அது அந்நிய பாஷை இல்லை. பக்கவாதம்.

சபையில் யாருக்கும் இது தெரியாது. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

என் பெயர் மார்த்தாள். வயது நாற்பத்தெட்டு. ஒன்பதாவது வரைக்கும் படித்தேன். சாட்சி சொல்ல எழுந்து நில்லுங்கள் என்று பாஸ்டர் சொல்லும்போதெல்லாம் முன்னால் இருக்கிற அக்காவின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்கிறவள் நான். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். பாஸ்டரம்மா வாசிக்கட்டும். அப்போதும் நான் குனிந்துதான் இருப்பேன், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நம் சபையின் ஜெபக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாயில் வட்டமாக உட்காருவோம். எல்லாரும் கண்ணை மூடியிருப்பதால் யார் முறை என்று தெரியாது. அதனால் ஜெபித்து முடித்தவர் பக்கத்தில் இருப்பவரின் முட்டியில் லேசாகத் தட்டுவார். நீ ஆரம்பி என்று அர்த்தம். ஜெபிக்க வராதவர் அடுத்த ஆளின் முட்டியைத் தட்டிவிட்டால் போதும், முறை நகர்ந்துவிடும். இருபது வருஷமாக நான் செய்துவந்தது அது ஒன்றுதான். என் முட்டிக்கு வந்த முறையை அடுத்த முட்டிக்கு அனுப்பிவைப்பேன்.

வீட்டிலும் அப்படித்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபத்துக்கு உட்காருவோம். அவர் முடித்துவிட்டு என் முட்டியைத் தட்டுவார். நான் உடனே அவர் முட்டியைத் தட்டுவேன். "பந்து திரும்பி வந்துடுச்சு ஆண்டவரே" என்று சிரித்துக்கொண்டே அவரே ஆமென் சொல்லி முடிப்பார். ஒருநாள்கூட கோபித்துக்கொண்டதில்லை.

அவர் பெயர் சாமுவேல். எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு ஏறுகிற வழியில் தள்ளுவண்டி போட்டிருந்தார். வெள்ளரிப்பிஞ்சும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவிச்சும் விற்பார். குரல்தான் அவருக்குச் சொத்து. "மேல போனா ஒண்ணும் கெடைக்காது, இங்கயே வாங்கிக்கோ" என்று அவர் கூவினால் ராணிக்கோட்டை உச்சியில் இருக்கிற குரங்குகூடத் திரும்பிப் பார்க்கும் என்று பக்கத்துக் கடைக்காரர் கேலி பண்ணுவார். வாங்காதவர்களையும் விடமாட்டார். குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துத்தான் படி ஏற அனுப்புவார். ஜெபமும் அதே குரலில்தான் பண்ணுவார். அந்நிய பாஷை வரம் மட்டும் அவருக்கு வரவில்லை. அதற்காக எத்தனையோ உபவாசம் இருந்தார். "எல்லாருக்கும் குடுத்தியே, எனக்கு மட்டும் ஏன்யா இல்ல" என்று ஆண்டவரிடம் கேட்பார்.

போன வருஷம் சித்திரை மாசம், ஒரு புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபத்துக்கு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வார்த்தை குழறியது. தெலுங்கும் இல்லை, இந்தியும் இல்லை, ஒரு பாஷையும் இல்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். இருட்டில் பாயின்மேல் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். ஆவியில் விழுந்திருக்கிறார், தொந்தரவு பண்ணக் கூடாது என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். வெள்ளரி எடுக்க மார்க்கெட்டுக்குப் போனேன். அவசரப்படவும் இல்லை. போகிற வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனேன்.

திரும்பி வரும்போது மணி எட்டு. அவர் சுவரோரமாகக் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை துணி மாதிரி தொங்கியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். விடியற்காலையில் கேட்ட அதே சத்தம். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

அவருடைய தம்பி முருகன் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்தான் வந்து தூக்கினார். டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்த டாக்டர், "எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதும்மா?" என்று கேட்டார்.

முருகன், "இப்பதான் சார், எட்டு மணிக்கு" என்றார்.

"அஞ்சு மணி" என்றேன் நான். சத்தம் வரவில்லை. டாக்டர் குனிந்து மறுபடி கேட்டார். "அஞ்சு மணிங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, அதற்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரம் தாண்டிவிட்டது என்றார். "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாகத்தான் கஞ்சித் தண்ணீர் விட்டார்கள். நர்ஸம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள்: "வாயில ஒரு சொட்டு ஊத்தாத. பொறை ஏறி நெஞ்சுக்குப் போயிடும்." அவரோ என் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அவர் பார்க்காதபோது வெளியே போய்க் குடித்துவிட்டு வருவேன். ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைப்பேன். அந்தத் துணியைப் பல்லால் பிடித்துக்கொள்வார். அதை விடுவித்து எடுப்பதற்குள் எனக்கு உயிர் போகும். கோட்டைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த மனுஷனிடமிருந்து ஈரத்துணியைப் பிடுங்குகிறேனே என்று நினைப்பேன்.

பாஸ்டர் வந்தார். வார்டு என்பதால் என் வீட்டுக்காரரின் தலைமாட்டில் நின்று மெதுவாக ஜெபித்தார். கூட வந்த அக்கா ஒருத்தர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அவ்ளோ நேரம் நீ இன்னா பண்ணிட்டிருந்த மார்த்தா?" என்று கேட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை, யாரும் கேட்கிற கேள்விதான்.

"மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்க்கா" என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

முருகன் தினமும் இட்லி வாங்கிக்கொண்டு வருவார். அவர் நம் சபைக்கு வருகிறவர் இல்லை. ஒருநாள் அண்ணன் காலைத் தேய்த்துக்கொண்டே, "இந்த வாயாலதான அண்ணி ஊருக்கே ஜெபம் பண்ணுச்சு. அந்த வாயையே எடுத்துக்கிச்சே உங்க சாமி. இன்னா நியாயம் இது?" என்றார். நக்கல் பண்ணவில்லை. அழுதுகொண்டுதான் கேட்டார்.

நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் கட்டிவிட்டது. மூச்சு விடும்போது கொதிக்கிற பானை மாதிரி சத்தம். இரண்டு நாள் பார்க்கலாம், குறையவில்லை என்றால் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். மெஷின் வைத்தவர்கள் எத்தனை பேர் எழுந்து வருவார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போதாவது நான் ஜெபித்திருக்க வேண்டும். முடியவில்லை. எந்த முகத்தோடு கேட்பேன்? ஆண்டவர் பேசுகிறார் என்று நினைத்துப் புருஷனைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் நான். அதோடு, எனக்கு ஜெபிக்கவும் தெரியாது. இத்தனை வருஷமும் எனக்கும் சேர்த்து அவர்தான் ஜெபித்தார். அவர் வாய் அடைத்துப்போனதும் எங்கள் வீட்டில் ஜெபமே அடைத்துப்போனது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவர் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எதுவும் என்னால் செய்ய முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம். வார்டில் விளக்குப் போட்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு. அவர் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இடது கையை மெதுவாக நகர்த்தி, கட்டிலுக்கு வெளியே நீட்டி, என் முட்டியில் ஒரு தட்டு தட்டினார்.

பழக்கம் பாருங்கள், என் கை தன்னாலே போய் அவர் முட்டியைத் தட்டியது.

அவர் சிரிக்கவில்லை. மறுபடி என் முட்டியைத் தட்டினார். நான் மறுபடி அவர் முட்டியைத் தட்டினேன். அவர் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. மூன்றாம் முறை தட்டினார். அந்த முறை வலித்தது.

வட்டத்தில் வேறு முட்டி இல்லை. நான் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. அன்னைக்கு அவரு கொழறினது உம்ம பாஷைன்னு நெனச்சு நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டேன். தப்பு என்னுது. அவர எதுவும் பண்ணாதீரு. எல்லாருக்கும் தண்ணி குடுத்தவரு. அவருக்கு ஒரு வாய் தண்ணி எறங்கணும். வேற இன்னா கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

அவ்வளவுதான். ஆமென் சொல்லக்கூட வாய் வரவில்லை. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. நான் மறைத்ததை அவர் கேட்டுவிட்டார். அவர் கை என் முட்டியைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அங்கேயே கனமாக இருந்தது. அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம்: "ஆ...ம்."

பக்கத்துக் கட்டிலில் தன் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த, வல்லம் ஊர்க்கார அம்மா எழுந்து வந்துவிட்டார். "ஆமாங்கறாரும்மா. நீ சொன்னதுக்கு ஆமாங்கறாரு" என்றார். தன் கழுத்துத் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆமா சாமி" என்று அவரும் சொன்னார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுநாள் காலையிலும் காய்ச்சல் அப்படியே இருந்தது. என் ஜெபமும் என்னைப் போல யார் முதுகுக்குப் பின்னாலோ குனிந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஏழு மணிக்கு அவர் மறுபடி தட்டினார். மறுபடி அதையே சொன்னேன். எனக்கு வேறு ஜெபம் தெரியாது. அதற்கு அடுத்த நாள் விடியும்போது அவர் நெற்றியைத் தொட்டேன். என் கைதான் சூடாக இருந்தது. மெஷின் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர்கள் கொடுத்த மருந்தையும் ஆண்டவர் கொடுத்த கிருபையையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் நன்றி சொல்கிறேன்.

இன்னும் ஒரு வாரம் போனது. ஒரு காலையில் நர்ஸம்மா அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனில் தண்ணீர் எடுத்தார்கள். நான் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருமல் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"திரும்பிப் பாரு அண்ணி" என்றார் முருகன். "எறங்கிடுச்சு."

இரண்டாவது ஸ்பூனும் இறங்கியது. மூன்றாவதுக்கு அவரே வாயைத் திறந்தார். அன்று நான் கேட்ட ஒரு வாய் தண்ணீர், நான் கேட்ட அளவிலேயே, ஸ்பூனில் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அவர், "ஆம" என்றார்.

"ஆமாங்குது அண்ணன்" என்றார் முருகன்.

"இல்ல, அது ஆமென்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான அண்ணி." யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான்.

இப்போது ஒரு வருஷம் ஆகிறது. கோலை ஊன்றி நடக்கிறார். வலது கை இன்னும் சரியில்லை. நாலைந்து வார்த்தைதான் வருகிறது. வண்டியை நான் தள்ளுகிறேன். எனக்குக் கூவ வராது. அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் மணி அடிப்பார். தண்ணீர்க் குடம் அதே இடத்தில் இருக்கிறது. சொம்பை நான் நீட்டும்போது வருகிறவர்களை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவருடைய பழைய குரல் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த மூன்று மணி நேரமும் திரும்பக் கிடைக்கவில்லை. சில நாள் அதை நினைத்து அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறேன். ஆனால் ஒன்று புரிந்தது. அன்று விடியற்காலை அவர் குழறியதும் ஜெபம்தான். உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குப் புரியவில்லை. ஆண்டவருக்குப் புரிந்திருக்கிறது. ஐந்தாம் நாள் நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதும் அவருக்குப் புரிந்தது. முன்பெல்லாம் என் வீட்டுக்காரருடைய விசுவாசத்தில் நான் ஒண்டிக் குடியிருந்தேன். இப்போது எனக்கென்று சின்னதாக ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்பூன் அளவுதான். ஆனால் அது என்னுடையது.

வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், பேச்சுக் குழறினால், கை தளர்ந்தால், முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வண்டியில் போய்க்கொண்டே ஜெபியுங்கள். ஆண்டவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, என்னைப் போல ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு. உங்கள் முட்டியில் தட்டு விழுந்தால் அடுத்தவருக்கு அனுப்பிவிடாதீர்கள். அழகாகப் பேச வேண்டாம். என்ன வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். மறைத்து வைத்திருப்பதையும் சொல்லுங்கள். வாக்கியம் முடியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் கேட்டுக்கொள்கிறார்.

இன்னும் எழுதலாம். ஆனால் மணி ஏழு ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து என் முட்டியைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். என் முறை.