மணல்துரைக்கு வாசித்த ஓலை

எஸ்றாவுக்கு மணல்துரை என்ற பெயரைக் கேட்டாலே அலுப்பு வந்தது. இத்தனைக்கும் அந்த ஆளை உண்டாக்கிப் பேர் வைத்தவனே அவன்தான். பாளையங்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கிறவன், ஓய்ந்த நேரமெல்லாம் உட்கார்ந்து ஒன்பது ராப் பாட்டு எழுதி, தானே பாடி ஆல்பமாக வெளியிட்டான். எல்லாமே மணல்துரை என்கிற லாரி டிரைவர் தன் கதையைத் தானே சொல்லுகிற பாட்டுகள். துரை குடிப்பான், ஊருக்கு ஊர் வம்பிழுப்பான், போலீசிடமே எகத்தாளம் பேசுவான். எஸ்றாவோ கடையில் யாராவது சத்தம் போட்டால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விடுகிற ஆள். ஆனால் வீடியோவில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றது அவன் முகமாயிற்றே, ஜனங்கள் விடுவார்களா?

"மணல்துரை அண்ணாச்சி, டிஸ்ப்ளே போயிட்டு."

"அது நான் இல்ல வே, பாட்டுல வாரவன்."

சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இதற்கிடையில் கிறிஸ்டியோடு கல்யாணம் நிச்சயமானது. அவள் வீட்டார் வருடக்கணக்கில் இழுத்தடித்துக் கொடுத்த சம்மதம். சர்ச்சில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். யாரும் சொல்வதில்லை. இரண்டாம் ஓலை அன்று கிறிஸ்டியின் பெரியப்பா சத்தியநேசன், அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், எழுந்து நின்றார்.

"தடை இருக்கு ஐயா. பையனுக்கு முக்கூடல்ல ஏற்கெனவே ஒரு பெஞ்சாதி இருக்கா. அவனே பாடியிருக்கான்."

யாரோ சிரித்தார்கள். கிறிஸ்டி சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் குருவானவர் இரண்டு வீட்டாரையும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். எஸ்றாவின் அம்மா பிரிஸில்லா கதவோரம் நின்றுகொண்டாள்.

"பாட்டு பூராவும் கற்பனைன்னு சொல்லிரும் தம்பி. அடுத்த வாரம் மூணாவது ஓலையையும் வாசிச்சிருவோம்."

"கற்பனைதான் ஐயா."

சத்தியநேசன் லேசில் ஃபைலை மூடுகிற ஆள் இல்லை. "முக்கூடல் பெஞ்சாதிட்ட டீத்தூள் வாங்கியாறேன்னு சொல்லிட்டுப் போனேன், அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுது, அவ வாசல்லயே நின்னான்னு பாடுதான். இதெல்லாம் எங்கன இருந்து வந்துச்சாம்? வேதத்து மேல கைய வச்சுச் சொல்லச் சொல்லுங்க."

எஸ்றாவால் கை வைக்க முடியவில்லை. அந்தப் பால் வழிந்ததை அவன் பாயில் படுத்தபடி பார்த்தவன். அப்போது வயது ஆறு. வடக்கே லாரி கவிழ்ந்து புருஷன் செத்துப்போனான் என்று சொல்லித்தான் அம்மா இந்தச் சபைக்கு வந்தாள், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தாள், தலைநிமிர்ந்து வாழ்ந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் பொய்க்காரி. பொய் சொன்னால் வேதத்தின் மேல் பொய்ச்சத்தியம். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று பேசாமல் இருந்தான். அவ்வளவு களைத்துப்போயிருந்தான்.

"அந்தப் பெஞ்சாதி நாந்தான் அண்ணாச்சி" என்றாள் பிரிஸில்லா. "இவன் அப்பா சாகல. எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு. செத்துட்டாருன்னு நாந்தான் எல்லார்ட்டயும் சொன்னேன்."

குருவானவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. சத்தியநேசன் தரையைப் பார்த்தார். கிறிஸ்டி எழுந்து வந்து பிரிஸில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எஸ்றாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது அம்மா கேட்டாள். "அன்னைக்கு நீ முழிச்சுக்கிட்டா கெடந்த?"

"ஆமாம்மா."

"ஒன் பாட்டை நானும் கேட்டேன் லே. எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கு. தெருமுக்குல நின்னு ஒருமட்டம் திரும்பிப் பார்த்தாருன்னு மட்டும் எதுக்கு எழுதுன? அவரு பாக்கலையே."

"அது ஒண்ணுதான்மா நானா எழுதுனது" என்றான் எஸ்றா. "நீ அந்தப் பாட்டைக் கேப்பேன்னு தெரியும்."